விஜயவாடாவில் பத்து நிமிஷம்

காளிச்சாமி "ரயில்ல போலாம்" என்று சொன்னதும், சாப்பிட்டுக்கொண்டிருந்த மூன்று பேரும் கையை நிறுத்திவிட்டார்கள்.

கிணத்துக்கடவில் அவரைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள், மனுசன் தன் தென்னந்தோப்பை விட்டு ஒரு ராத்திரிகூட வெளியே தங்க மாட்டார். ஈரோட்டுப் பக்கம் கலியாணத்துக்குப் போனாலும் பந்தியிலிருந்து எழுந்த கையோடு பஸ் ஏறிவிடுவார். அப்படிப்பட்டவர் அறுபது வயசில் தானாக வாயைத் திறந்து, டெல்லிக்கு, அதுவும் ரெண்டு ராத்திரி தூங்கிப் போகிற ரயிலில் போகலாம் என்றால் யாருக்குச் சோறு இறங்கும், சொல்லுங்கள்.

பேச்சை ஆரம்பித்தது மகன் மனோஜ்குமார். பீளமேட்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கலியாணமாகி ஒரு வருஷம் ஆகிறது. மே மாச லீவுக்கு நாலு பேரும் சேர்ந்து எங்காவது போகலாம் என்றான். அவன் பெண்டாட்டி பிரவீனா மூணாறு என்றாள். அவன் விமானத்தில் டெல்லி என்றான்.

"மூணு மணி நேரமுங்ப்பா. காலைல கோயமுத்தூர்ல காப்பி குடிச்சா மத்தியானச் சோறு டெல்லில."

"அதுல என்னடா தெரியும்? மேகந்தான் தெரியும். கேரளாவுல இருந்து வருதே டெல்லி வண்டி, அதுல போலாம். நாலு ஊரப் பாத்த மாதிரி இருக்கும்."

"போறதுக்கே ரெண்டு நாளாகுமுங்ப்பா."

"ஆகட்டும். லீவு உட்டுப்போட்டு என்னத்துக்கு ஓடறது?"

பிரவீனாவுக்கு அது பிடித்துப்போயிற்று. அவள் பிறந்த வெள்ளகோவிலில் ரயிலே கிடையாது. "மாமா சொல்றது செரிதானுங்க. ரயில்ல போனா போற வழியே டூராயிரும்" என்றாள்.

"உனக்கு மேல் பெர்த்துல ஏறிப் படுத்து மொபைல் பாக்கோணும். அதுக்கு டெல்லி என்ன, கரூர் போனாப் போதும்" என்றான் மனோஜ்.

இத்தனை பேச்சிலும் வாயைத் திறக்காமல் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் ராமாமணி. காளிச்சாமியின் மனைவி. அந்த வண்டி ஆந்திரா வழியாகத்தான் போகும் என்று அவளுக்குத் தெரியும். ஆந்திரா என்று காதில் விழுந்தால் அவளுக்கு ஒரே ஒரு ஆள்தான் நினைப்பில் வருவான். அவள் தம்பி நாச்சிமுத்து.

இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. அப்போது காளிச்சாமி போர்வெல் போடுகிற ரிக் லாரியில் டிரைவர். ஊர் ஊராகப் போய், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருவார். மச்சினன் சும்மா இருக்கிறானே என்று அவனையும் வேலைக்குக் கூட்டிப் போனார். இருபது வயசுப் பையன். போன ரெண்டாம் வருஷம் அவர் மட்டும் திரும்பி வந்தார். ஆந்திராவில் ஒரு ஸ்டேஷன் பக்கம் வண்டியை நிறுத்தியபோது, "வாரேன் மாமா" என்று சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் போனானாம். அதோடு சரி.

நம்ம பக்கத்துப் பேச்சு உங்களுக்குத் தெரியும் கண்ணுகளா. கிளம்பிப் போகிறவனும் "வாரேன்" என்றுதான் சொல்லுவான். திரும்பி வரப்போகிறவனும் "வாரேன்" என்றுதான் சொல்லுவான். போறேன் என்று சொன்னால் ஆகாது. ராமாமணி இருபத்தெட்டு வருஷமாக அந்த ஒரு சொல்லைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். விடைபெற்றுப் போனானா? வருகிறேன் என்று சொன்னவனை வழியில் யாராவது என்னவாவது செய்துபோட்டார்களா?

தேடாத இடமில்லை. அப்பா கொஞ்ச நாள் தேடிவிட்டு, கோபத்தில் அவன் பேரையே எடுக்கக் கூடாது என்று சொல்லிச் செத்துப்போனார். மனோஜுக்குக் காது குத்தும்போது உட்கார வைக்கத் தாய்மாமன் மடி இல்லை. பெரியப்பா மகன் மடி கொடுத்தான். அம்மா கடைசி வரைக்கும் நாச்சா வந்துட்டானா, நாச்சா வந்துட்டானா என்று கேட்டுக் கேட்டே கண்ணை மூடினாள். அம்மா போன பிறகு அவள் பேரில் இருந்த தோப்பை மாற்ற வேண்டி வந்தது. வேறு வாரிசு யாரும் இல்லை என்று டைப் அடித்த பேப்பரைக் காளிச்சாமி நீட்டினார். ராமாமணி கையெழுத்துப் போட்டாள். தம்பி இல்லை என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, அன்றைக்குப் பூராவும் அவள் அந்தக் கையால் சாப்பிடவில்லை. காளிச்சாமி ஒரு ராத்திரிகூட விட்டு வராத தோப்பு அதுதான்.

அதனால் அவளுக்கு இந்தப் பயணத்தில் டெல்லி கணக்கில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு பிளாட்பாரத்திலும் ஒரு முகம் தென்படுகிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். "எனக்கு ஜன்னல் சீட்டு வேணும்" என்றாள்.

"குளுகுளு பெட்டிங்ம்மா, கண்ணாடி தெறக்காது" என்றான் மனோஜ்.

"தெரிஞ்சாப் போதும்."

ஒரு சாயங்காலம் கோயமுத்தூரில் வண்டி ஏறினார்கள். கட்டுச்சோறு ரெண்டு தூக்கு, தேங்காய்த் துவையல், முறுக்கு, பிரவீனாவின் ரெண்டு பை, மனோஜ் வாங்கிய காற்றடிக்கிற தலையணை. ராத்திரி சாப்பிட்டு, படுத்து, விடிந்தபோது வெளியே தெலுங்கு எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. ராமாமணி கீழ் பெர்த்தில் ஜன்னலை ஒட்டி உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடி லேசாகக் கருப்படித்தது. அதில் பிளாட்பாரத்து முகங்களோடு அவள் முகமும் சேர்ந்தே தெரிந்தது.

காளிச்சாமிதான் இருப்புக் கொள்ளாமல் இருந்தார். "விஜயவாடா எத்தன மணிக்குடா?" என்று மனோஜை அரை மணிக்கு ஒரு தடவை கேட்டார். ஆடுகிற வண்டியில் வாஷ்பேசின் முன்னால் நின்று சவரம் செய்து, தாடையில் கீறிக்கொண்டு வந்தார். பெட்டியிலிருந்து தேய்த்த வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டார்.

"ஏனுங்க, பொண்ணு கிண்ணு பாக்கப் போறீங்களா?" என்றாள் ராமாமணி.

அவர் சிரிக்கவில்லை. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு, "அங்க எத்தன நிமிஷம்டா நிக்கும்?" என்றார்.

"பத்து நிமிஷம் நிக்குமுங்ப்பா. எதுக்குங்க?"

"சும்மாதான்."

விஜயவாடா வந்தது. பெரிய ஸ்டேஷன். பெட்டியில் பாதிப் பேர் எழுந்து வாசலுக்குப் போனார்கள். ராமாமணி இந்தப் பக்கத்துப் பிளாட்பாரம் பூராவும் கண்ணால் துழாவிவிட்டு, அந்தப் பக்கத்தையும் பார்ப்போம் என்று எழுந்து கதவுப் பக்கம் போனாள். கூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தாள். சித்த நேரத்தில் வண்டி நகர்ந்தது.

"அவரு எங்க?" என்றாள்.

"எறங்குனாருங்க அத்தை. இட்லி கிட்லி வாங்கப் போறாராட்ட இருக்குதுன்னு நெனச்சேன்" என்றாள் பிரவீனா.

"ஏறிட்டாரா?"

மனோஜ் ரெண்டு கதவுக்கும் ஓடினான். பக்கத்துப் பெட்டிகளுக்கும் ஓடினான். அதற்குள் வண்டி ஊரைத் தாண்டி வேகம் பிடித்துவிட்டது. மூச்சு வாங்கத் திரும்பி வந்து, "ஏறலீங்ம்மா" என்றான்.

டி.டி.ஆர். வந்தார். பாலக்காட்டுக்காரர், தமிழ் தெரிந்தவர். "சங்கிலி பிடிச்சு இழுக்க வேண்டாம் கேட்டோ, ஸ்டேஷனுக்கு விவரம் சொல்லிரலாம். வயசானவர்தானே, இறங்கும்போ என்ன சொன்னார்?" என்று பிரவீனாவைக் கேட்டார்.

"'அம்மணி, நான் வாரேன்'னு சொன்னாருங்க."

"அப்போ திரும்பி வருவேன்னு சொல்லித்தான் போயிருக்கார்."

"அப்புடியும் இருக்கலாமுங்க."

"பின்னே? போறேன்னா, வரேன்னா, எது?"

"எங்க ஊர்ல ரெண்டுக்கும் அதேதானுங்க" என்றாள் பிரவீனா.

டி.டி.ஆர். மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ராமாமணிக்கு அவர் பேசியது எதுவும் காதில் ஏறவில்லை. ஆந்திராவில் ஒரு ஸ்டேஷன். வாரேன் என்று ஒரு சொல். தம்பியைக் கொண்டுபோன அதே இடம், அதே சொல், இப்போது புருசனையும் கொண்டுபோயிற்றா?

அப்போது ஜன்னலுக்குக் கீழே சார்ஜ் போட்டிருந்த காளிச்சாமியின் போன் அடித்தது. போனை விட்டுவிட்டுத்தான் இறங்கியிருக்கிறார். திரையில் "பிட் கடை விஜயவாடா" என்று இருந்தது. ரிக் வண்டிக்குத் துளை போடுகிற பிட் விற்கிற கடை. யாரிடமாவது போன் வாங்கி அவரே பேசுகிறார் போல என்று ராமாமணி பாய்ந்து எடுத்தாள்.

"ஏனுங்க மாமா, எங்கீங்க இருக்கறீங்க? வண்டி எப்பவும் மூணாம் நம்பர்லதானுங்க வரும், அங்கயே நின்னுட்டேன். அது ஒண்ணுல வந்துட்டுப் போயிருச்சுங்களாட்ட இருக்குது. அக்கா கண்ணாடிக்கிட்ட இருந்துச்சுங்களா?"

பேசியது அவள் அப்பா.

செத்து இருபது வருஷமான அப்பாவின் குரல். அதே கனம், அதே இழுவை, சொல்லுக்குச் சொல் மூச்சு விடுகிற அதே விதம். அப்பா எதற்குக் காளிச்சாமியை மாமா என்று கூப்பிடுகிறார்? அக்கா என்று யாரைச் சொல்லுகிறார்? அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்ட பிறகுதான் அவளுக்கு விளங்கியது. அப்பாவின் வயசை எட்டிவிட்டால் மகன் குரலும் அப்படித்தானே ஆகும்.

"நான் ராமாமணி பேசறேன்" என்றாள்.

அந்தப் பக்கம் தெலுங்கில் ஏதோ வண்டிக்கு அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. அது முடிகிற வரைக்கும் ரெண்டு பேரும் மூச்சு விட்டுக்கொண்டு இருந்தார்கள்.

"நாச்சா?"

"அக்கா."

"நீ உசுரோடவா இருக்கறே?"

"இருக்கறனுங்க்கா."

"எத்தன நாளா அங்க இருக்கறே?"

"எப்பவும் இங்கதானுங்க்கா இருக்கறேன்."

மனோஜும் பிரவீனாவும் யார் யார் என்று கையால் கேட்டார்கள். போனுக்குள் யாரோ ஓடி வருகிற சத்தம். பிறகு காளிச்சாமியின் குரல், மூச்சு வாங்க வாங்க: "ராமாமணி, நான் சொல்றதச் சித்த கேளு. படி ஏறி எறங்கி இவனத் தேடறதுக்குள்ள வண்டி போயிருச்சு. நான் இவன உன்ற முன்னாடி கூட்டியாந்து நிறுத்தலாமுன்னுதான்..."

"நீங்க பேச வேண்டாமுங்க" என்றாள். சத்தம் போடவில்லை. "அவங்கிட்டக் குடுங்க."

குடுத்தார்.

"நாச்சா, மாமனுக்கு உன்னை எத்தன நாளாத் தெரியும்?"

"மொதல்ல இருந்தே தெரியுமுங்க்கா" என்றான்.

ராமாமணி போனை மடியில் வைத்துவிட்டாள். அதற்குள் அப்பாவின் குரல் அக்கா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. மனோஜ் எடுத்துப் பேசினான். அடுத்த ஸ்டாப் கம்மம், நாங்கள் அங்கே இறங்கிக்கொள்கிறோம், நீங்கள் காரில் வந்துவிடுங்கள் என்று தாய்மாமனிடம் முதன்முதலாகப் பேசினான். மாமா என்று கூப்பிடுவதா, சார் என்று கூப்பிடுவதா என்று தெரியாமல் ரெண்டும் இல்லாமல் பேசி முடித்தான்.

கம்மத்தில் வண்டி நின்ற கொஞ்ச நேரத்தில் பைகளைத் தூக்கிப் பிளாட்பாரத்தில் போட்டு இறங்கினார்கள். டி.டி.ஆர். வாசலில் நின்று, "ஆளைக் கண்டுபிடிச்சாச்சு இல்லே, அது போதும்" என்றார். எந்த ஆள் என்று அவருக்குத் தெரியாது. வண்டி டெல்லிக்குப் போய்விட்டது.

கம்மத்து வெயில் நம்ம ஊர் வெயில் இல்லை. மின்விசிறிக்குக் கீழே ஒரு பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள்.

"உனக்குத் தெரியுமாடா?" என்றாள் ராமாமணி.

"சத்தியமாத் தெரியாதுங்ம்மா."

பிரவீனா தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். "நான்தானுங்க அத்தை மொபைலப் பாத்துட்டு இருந்துட்டேன். எங்க போறீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா..."

"கேட்டிருந்தாலும் வாரேன்னுதான் சொல்லியிருப்பாரு. நீ குடி மொதல்ல."

மனோஜ் மெதுவாக, "அப்போ தோப்புங்ம்மா?" என்றான்.

"அதாண்டா எனக்கும் ஓடிட்டு இருக்குது." வலது கையை மடியில் விரித்து வைத்துப் பார்த்தாள். "உசுரோட இருக்கற பையன இல்லைன்னு எழுதிக் குடுத்துருக்கறேன். பக்கத்துலயே நின்னுட்டு, இங்க போடு, இந்தா இங்க போடுன்னு எடம் காட்டுனாரு உங்கப்பா."

அவர்கள் வர ரெண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. படி இறங்கி மூன்று பேர் வந்தார்கள். முன்னால் காளிச்சாமி, வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவருக்குப் பின்னால் தலை வழுக்கையான, நரைத்த தாடி வைத்த ஒரு கனத்த மனுசன். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, தலையில் முக்காடு போட்ட ஒரு பெண்.

ராமாமணி அந்த மனுசனைத் தாண்டிப் படியைப் பார்த்தாள். தம்பி பின்னால் வருகிறானோ என்று. இருபத்திரண்டு வயசு, ஒல்லி, சீப்பைச் சட்டைப் பையில் செருகியிருப்பான். படியில் யாரும் இல்லை. கனத்த மனுசன் பக்கத்தில் வந்து நின்று அக்கா என்றான்.

அவளுக்கு அழுகை வரவில்லை. தொடவும் கை வரவில்லை. அத்தனை வருஷமாகத் தேடிய முகம் உலகத்தில் இல்லை. வேறொரு முகம் அந்தக் குரலை வைத்துக்கொண்டு நிற்கிறது.

"இவ ஜாஹிதாங்க்கா" என்றான் நாச்சிமுத்து. "எங்கூட்டுக்காரி. இவிங்க அப்பா முகமது யூசுப்போட கடைலதானுங்க அப்ப ரிக்குக்கு பிட் வெல்டிங் வெக்கறது. வண்டி ரிப்பேராகி ரெண்டு மாசம் அங்கயே கெடந்துச்சு. அப்பப் பழக்கமுங்க. ஊருக்குத் தெரிஞ்சிருந்தா அப்பா என்னையும் உட்டிருக்க மாட்டாரு, இந்தப் புள்ளையையும் உட்டிருக்க மாட்டாரு. காணாமப் போயிட்டான்னு சொல்லிருங்கன்னு மாமாவக் கால்ல உழுந்து கேட்டுக்கிட்டது நாந்தானுங்க."

ஜாஹிதாவுக்குத் தமிழ் அரைகுறை. ராமாமணியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா செத்து இருபது வருசமாச்சு. அம்மா செத்தது தெரியுமா உனக்கு?"

"தெரியுமுங்க்கா."

"யாரு சொன்னா?"

அவன் காளிச்சாமியைப் பார்த்தான். ராமாமணி பார்க்கவில்லை.

"சொன்னதும் வரோணுமுன்னு தோணலையா?"

"வந்தனுங்க்கா."

"எங்க வந்தே?"

"கிணத்துக்கடவுக்கு. மறுநாக் காலைல பஸ்ல வந்து எறங்குனேன். ஸ்டாப்புச் செவுத்துல அம்மா போட்டோ போட்டுக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்துச்சுங்க. மகள், மருமகன், பேரன்னு எல்லார் பேரும் இருந்துச்சு. எம்பேரு இல்லை." சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு வந்தவன் அங்கே நிறுத்தினான். "பேரே இல்லாத ஆளு எப்புடிங்க்கா ஊட்டுக்குள்ள வாரது? எதுத்தாப்புல ஒரு டீ குடிச்சுப்போட்டு, அடுத்த பஸ்ஸுக்குத் திரும்பிட்டேன்."

பஸ் ஸ்டாப்புக்கும் வீட்டுக்கும் நாலு வீதி. ராமாமணி அன்றைக்குக் காலையில் வாசலில்தான் உட்கார்ந்திருந்தாள். வருகிறவர்கள் ஒவ்வொருவராக அவள் கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் போஸ்டரில் யார் யார் பேர் போட வேண்டும் என்று அச்சாபீஸ்காரர் வந்து கேட்டது அவளுக்கு ஞாபகம் இருந்தது. பதில் சொன்னது காளிச்சாமி.

இப்போதுதான் அவர் பக்கம் திரும்பினாள்.

காளிச்சாமி கேட்காமலே பேச ஆரம்பித்தார். "சொல்லிரலாம், சொல்லிரலாமுன்னுதான் இருந்தேன் ராமாமணி. மாமனார் செத்தப்பவே சொல்லியிருக்கோணும். எட்டு வருசம் பொய்யச் சொல்லிப்போட்டு ஒன்பதாம் வருசம் வாயத் தெறக்க பயமா இருந்துச்சு. அப்பறம் பத்தாச்சு, இருபதாச்சு. போன மாசம் இவன் போன் பண்ணி, எனக்கும் அம்பதாச்சு, அக்கா ரயில்ல போறப்பத் தூரமா நின்னு ஒருக்காப் பாத்துக்கறேன்னான். அதுக்குத்தான் இந்த வண்டியச் சொன்னேன். தூரமா நின்னு எதுக்குப் பாக்கோணும், கையப் புடிச்சுக் கூட்டியாந்து நிறுத்திரலாமுன்னு வண்டில வரும்போது மனசு மாறிருச்சு."

"நான் ஒண்ணு கேக்கறனுங்க" என்றாள் ராமாமணி. "தோப்புக்காகவா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவார் என்று மனோஜ் காத்துக்கொண்டிருந்தான். காளிச்சாமி தாடையில் காலையில் கீறிய இடத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"மொதல்ல இல்ல" என்றார்.

மனோஜ் எழுந்து பெஞ்சுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான். நாச்சிமுத்து அவசரமாக, "நான்தானுங்க்கா மாமாவ வெச்சுக்கச் சொன்னேன், எனக்கு அங்க எதுவும் வேண்டாம்" என்றான்.

"நீ சும்மா இரு. வேண்டாமுங்கறத நீ எங்கிட்டச் சொல்லியிருக்கோணும். இருக்கறவன்தான் வேண்டாமுன்னு சொல்ல முடியும்." பிறகு ஜாஹிதாவைப் பக்கத்தில் வரச் சொல்லிக் கையைக் காட்டினாள். வந்ததும் கேட்டாள்: "உங்க கலியாணத்துக்கு இவன் பக்கத்துல யாரு இணைச்சீருக்கு நின்னா?"

ஜாஹிதா முழித்தாள். எங்க ஊரில் மாப்பிள்ளையோடு அவன் அக்காளோ தங்கச்சியோ சேர்ந்து நின்று செய்கிற சீர் அது, அது இல்லாமல் கலியாணம் கிடையாது என்று நாச்சிமுத்து தெலுங்கில் சொன்னான். சொல்லிவிட்டு, அவள் பதில் சொல்லும் முன்னே அவனே, "யாரும் இல்லைங்க்கா" என்றான். அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது. தாடிக்குள் கண்ணீர் இறங்கியது. ஜாஹிதா முக்காட்டு நுனியால் அதைத் துடைத்துவிட்டாள். ராமாமணி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் தம்பி அழுதால் துடைத்துவிட ஒரு கை இருபத்தேழு வருஷமாக இருந்திருக்கிறது. அது அவளுக்குத் தெரியாமல் போயிற்று.

"பிரவீனா" என்றாள். "இங்கிருந்து நம்மூருக்கு வண்டி எப்ப இருக்குதுன்னு பாரு."

"ஊருக்குங்களா அத்தை? டெல்லி?"

"நீயும் மனோஜும் போங்க, ஓட்டலுக்கெல்லாம் சொல்லியாச்சில்ல. நான் இவிங்களக் கூட்டிட்டு ஊருக்குப் போறேன். நான் போட்ட கையெழுத்த மொதல்ல மாத்தோணும்."

போறேன் என்றுதான் சொன்னாள். யாரும் அவளைத் திருத்தவில்லை.

பிரவீனா போனைத் தட்டினாள். நாளைக்கு விஜயவாடாவிலிருந்து கோடைக்கால ஸ்பெஷல் வண்டி ஒன்று இருந்தது, இடமும் இருந்தது. "நாங்க டெல்லி போகலீங்க அத்தை, நாங்களும் வாரோம்" என்று தானாகவே முடிவு செய்து, பேர் போட ஆரம்பித்தாள். "ராமாமணி, அம்பத்தி நாலு. ஜாஹிதா அத்தைக்கு வயசு எவ்வளவுங்க? நாப்பத்தாறு. சித்தப்பா... இல்ல, நான் உங்கள எப்புடிக் கூப்புடறதுங்க? செரி, அப்பறம். நாச்சிமுத்து, அம்பது."

"அந்தப் பேரு ஆகாதும்மா" என்றான் நாச்சிமுத்து. "ஆதார்ல எம்பேரு நசீர்."

பிரவீனாவின் விரல் நின்றது. எல்லாரும் ராமாமணியைப் பார்த்தார்கள். நாச்சிமுத்து இல்லை என்று அவள் எழுதிக் கொடுத்த பேப்பர் ஒரு விதத்தில் பொய்கூட இல்லை. எந்த ஆபீஸ் கணக்கிலும் அப்படி ஒரு ஆள் இல்லை.

ராமாமணி அந்தப் பேரை உதட்டுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பிடிபடவில்லை. இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"அதையே போடு கண்ணு" என்றாள். "டிக்கெட்டுல எந்தப் பேரு இருந்தா என்ன, ஆளு எறங்குனாச் செரி."

பிரவீனா போட்டாள். மனோஜ் பேர், தன் பேர். பிறகு தலையைத் தூக்காமல் கேட்டாள்: "மாமா பேருங்க அத்தை?"

காளிச்சாமி தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அவரும் உட்காரவில்லை. கையில் பையும் இல்லை, போனும் இல்லை. ராமாமணி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். முப்பத்திரண்டு வருஷம் கூட இருந்த மனுசன். சவரம் செய்தபோது விட்டுப்போன நாலு முடிகூட அவளுக்குத் தெரிந்தது.

"போடு" என்றாள். "வேற பெட்டில போடு."